கிறுகிப் பார்த்தவளின் சாட்சி

பயிற்சி வகுப்பின் கடைசி நாளில் வாழைச்சேனைத் தம்பி கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கோபம் வந்துவிட்டது. பாதி குடித்த தேநீரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். ஓய்வுபெற்ற கிழவனுக்கு இரத்த அழுத்தம் கூடிவிட்டது என்று நீங்கள் பேசிக்கொண்டிருப்பீர்கள். அது உண்மைதான், மாத்திரையும் எடுக்கிறேன். ஆனால் அன்றைக்குக் கூடியது வேறு.

அவர் கேட்டது இது.

"சேர், சண்டையில நடந்த குற்றத்துக்கு ஆமிக்காரன வெளிநாட்டுக் கோட்டில நிப்பாட்டோணும் எண்டு சொல்லுறாங்க. அது எதுக்கு சேர்? எங்கட நாட்டில கோடு இல்லையா? நீங்களே காலம் முழுக்க அங்கதானே வேல செய்தீங்க?"

கடைசி வரிதான் என்னைச் சுட்டது. ஓம் தம்பி, காலம் முழுக்க நம் நாட்டுக் கோட்டில்தான், நீதிமன்றத்தில்தான் வேலை செய்தேன். அதனால்தான் சொல்கிறேன், வேண்டும். ஏன் வேண்டும் என்பதை ஆறுதலாக எழுதுகிறேன். சட்டம் படித்தவர்கள் ஆயிரம் காரணம் சொல்வார்கள். என்னிடம் இருப்பது ஒரு சொல். மட்டக்களப்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்.

அதற்கு முன் நம் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். நீங்கள் இனி நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்கள். வழக்குக்கு வருகிற சனம் உங்களை 'முதலியார்' என்று கூப்பிடும். அது சாதிப் பெயர் இல்லை, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அந்தக் கதிரையில் ஒட்டிக்கொண்ட பெயர். கேட்கும்போது மனம் குளிரும். ரொம்பக் குளிர விடாதீர்கள். முதலியாருக்குத் தெரியாத சொல் இருக்கலாமா என்ற எண்ணம் அந்தக் குளிரோடுதான் உள்ளே வருகிறது. தெரியாத சொல் வந்தால் நீதிபதியைப் பார்த்து, "இந்தச் சொல் எனக்கு விளங்கவில்லை, சாட்சியிடம் திருப்பிக் கேட்க அனுமதி வேண்டும்" என்று சொல்லுங்கள். உங்கள் மரியாதை போகாது. போனாலும் போகட்டும், ஒருவனுடைய கழுத்தை விட உங்கள் மரியாதை பெரிதில்லை.

திருப்பிக் கேட்பது என்றால் என்ன என்று நான் கண்ணால் கண்டது நீதிமன்றத்தில் இல்லை. சுனாமிக்குப் பிறகு, குருக்கள்மடத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில்.

கடல் வந்துபோன பிறகு நீதிமன்றத்துக்கு யார் வருவார்கள்? எங்களுக்கு வேலை இல்லை. வெளிநாட்டு வைத்தியர்கள் வந்து இறங்கியிருந்தார்கள், ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். பக்கத்து மேசையில் ஒரு வைத்தியப் பெண் இருந்தார். பெயர் எனக்குத் தெரியாது, எந்த நாடு என்றும் கேட்கவில்லை. அவருக்கு உரைபெயர்த்தவர் வங்கியில் வேலை செய்தவர், என்னை விட நல்ல ஆங்கிலம். ஒரு மீன்பிடிக்காரர் வந்து வாங்குப் பலகையில் இருந்தார். மனைவியையும் மூத்த பிள்ளையையும் கடல் கொண்டுபோயிருந்தது. என்ன செய்கிறது என்று கேட்டதற்கு அவர் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, "நெஞ்சுக்குள்ள கடல் கிடக்கு" என்றார்.

வங்கிக்காரர் அதைக் கேட்டுக் கண்கலங்கிவிட்டார். 'குடும்பத்தை இழந்த துக்கத்தில் இருக்கிறார், கவலை தாங்க முடியவில்லை' என்று ஆங்கிலத்தில் சொன்னார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்போம். அந்தப் பெண் மட்டும் எடுக்கவில்லை. "அவர் சொன்னது சின்ன வசனம், நீங்கள் சொன்னது நீளமாக இருக்கிறதே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் கேட்டீர்கள்தானே, சொல்லுக்குச் சொல் என்ன சொன்னார்?" என்று கேட்டார். நான் சொல்லுக்குச் சொல் சொன்னேன். அவர் உடனே குழாயை எடுத்து அந்த மனிதரின் முதுகில் வைத்துக் கேட்டார். முகம் மாறிவிட்டது. கையாலேயே வாகனத்தைக் கூப்பிட்டார். சேறும் உப்புத் தண்ணீரும் நுரையீரலுக்குள் போய் அழுகத் தொடங்கியிருந்தது. அந்த ஆள் துக்கத்தைச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் அவரும் போயிருப்பார். முதுகைத் தட்டி ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்போம்.

அந்தப் பெண்ணுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் தனக்குத் தெரியாது என்பது தெரியும். அந்த ஆள் சாகக்கூடாது என்ற நினைப்பும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒருவர் திருப்பிக் கேட்பார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நாட்களில் கப்பல் வந்தது, ஹெலிகொப்டர் வந்தது, பிணத்தை அடையாளம் காண ஆட்கள் வந்தார்கள். எங்கள் நாட்டுப் பிணத்தை நாங்களே பார்த்துக்கொள்வோம், இது உள்நாட்டு விவகாரம், எங்கள் இறைமையில் கைவைக்கிறீர்கள் என்று ஒரு ஆள் வாய் திறந்தாரா? கடல் கொன்ற கணக்கில் உலகம் முழுக்க வரலாம். மனிதன் கொன்ற கணக்கில் மட்டும் ஒருவரும் வரக்கூடாது. அப்போதுதான் இந்த இறைமை எங்கிருந்தோ எழுந்து வந்து வாசலை மறித்துக்கொண்டு நிற்கும்.

இனிப் பூமணி.

வெல்லாவெளிக்கு உள்ளே ஒரு கிராமம். எருமை வளர்த்துத் தயிர் விற்கிற பெண். தம்பி இராசன் அவளோடுதான் இருந்தான், வயல் செய்தான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை முழுவதும் இராணுவத்தின் கைக்கு வந்து, வன்னியில் இன்னும் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஊர்ச் சந்தியில் முகாம் போட்டிருந்தார்கள். அங்கே ஒரு கோப்ரல் கிழமைக்கு ஒருதரம் பூமணியிடம் தயிர் வாங்குவார். 'அக்கே' என்று கூப்பிடுவார். அவளும் நல்ல சட்டியாகப் பார்த்துக் கொடுப்பாள்.

ஒருநாள் காலையில் இராசனை வட்டையில் சுட்டார்கள். வட்டை என்றால் பரந்த வயல்வெளி, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வெளியூரிலிருந்து வந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தண்ணீர் கட்டப் போனவனின் கையில் இருந்தது மண்வெட்டி. பொலிஸ் வந்து பார்க்கும்போது பக்கத்தில் கைக்குண்டு முளைத்திருந்தது. இருட்டோடு ஊடுருவிய புலி என்று முகாமில் சொன்னார்கள். வெயில் ஏறிய பிறகு, சொந்த வயலுக்குள், சோற்றுப் பார்சலோடு ஊடுருவிய புலி!

மட்டக்களப்பில் நீதவான் முன்னால் நடந்த ஆரம்ப விசாரணையில் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சிங்களத்தில் சொல்லும் வேலை எனக்கு. பூமணி கூண்டில் ஏறிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"தம்பிக்குச் சோறு கொண்டு போனன் ஐயா. குடுத்துப் போட்டு வரம்பால வரக்குள்ள வெடி கேட்டிச்சி. கிறுகிப் பாத்தன். தம்பி விழுந்து கிடக்கான். துவக்கோட நிக்கிறது இவரு. எங்கட்டத் தயிர் வாங்கிறவரு."

கிறுகிப் பார்த்தன் என்றால் திரும்பிப் பார்த்தேன். நான் அப்படியே சொன்னேன். எழுத்திலும் அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அடையாள அணிவகுப்பில் அவள் தயங்கவே இல்லை, நேரே போய் அவருடைய தோளில் கைவைத்தாள். அந்த ரோந்தில் கூடப் போன இளம் சிப்பாய் ஒருவன், செத்தவன் கையில் மண்வெட்டி மட்டும்தான் இருந்தது என்று பொலிசில் சொல்லியிருந்தான். அதையும் நினைவில் வையுங்கள். எல்லாப் பச்சைச் சட்டையும் ஒன்று என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை.

இவ்வளவு இருந்தால் வழக்கு வெல்லும் என்றுதான் நானும் நினைத்தேன்.

பிறகு வழக்கை வேறு மாகாணத்துக்கு மாற்றினார்கள். மட்டக்களப்புக்கு வந்தால் எதிரியின் உயிருக்கு ஆபத்தாம். சுற்றிவரத் துவக்கோடு ஆட்கள் நிற்கிற எதிரிக்கு ஆபத்து. தனியாக ஒரு பெண் வாவியைக் கடந்து, பஸ் மாறி மாறி, பாஷை தெரியாத ஊரில் இறங்கி, யூனிஃபோம் போட்டவர்கள் நிறைந்த முற்றத்தில் நின்று சாட்சி சொன்னால் அவளுக்கு ஆபத்து இல்லை. இந்தக் கணக்கை யார் போட்டார்கள் என்று கேட்டால் சட்டத்தில் இடமிருக்கிறது என்பார்கள். இருக்கிறது, நானும் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறேன்.

அவள் விடியற்காலையில் 'பாதை'யில் வாவியைக் கடப்பாள். மோட்டார் சைக்கிளும் மாடும் ஆட்களும் ஒன்றாக ஏறுகிற அந்த மிதவையைத்தான் சொல்கிறேன். அந்தக் கரையில் பஸ் எடுத்து, நகரத்தில் இன்னொரு பஸ். போய்ச் சேர்ந்தால், இன்றைக்கு எதிரிக்கு முகாமில் கடமை, வழக்கைத் தள்ளிவைத்து இன்னொரு தவணை. அடுத்த முறை எதிரியின் சட்டத்தரணிக்குச் சுகமில்லை, தவணை. அப்படி வருஷக்கணக்காக. சண்டையே முடிந்துவிட்டது, வெற்றி விழாவும் கொண்டாடிவிட்டார்கள், வழக்கு முடியவில்லை. கோப்ரல் இதற்கிடையில் சார்ஜன்ட் ஆகிவிட்டார். பூமணி தயிர் விற்றவளாகவே இருந்தாள்.

"வராம விட்டா என்ன புள்ள?" என்று அவளுடைய மாமியே ஒருமுறை கேட்டாளாம். "நான் போகாட்டி தம்பிய ஆரு சுட்டதெண்டு ஆருக்குத் தெரியும்? வயலா வந்து சொல்லும்?" என்று இவள் கேட்டாளாம். என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

கடைசியில் மேல் நீதிமன்றத்தில், குற்றவாளியா இல்லையா என்று சொல்கிற யூரிமாரை வைத்து வழக்கு விளக்கம் நடந்தது. எந்த மொழி பேசுகிற யூரி வேண்டும் என்று தெரிவு செய்கிற உரிமை எதிரிக்குத்தான். சிங்களம் பேசுகிற யூரியைக் கேட்டார், கொடுத்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள், ஆரம்ப விசாரணையின் மொழிபெயர்ப்பு சரியானது என்று சாட்சி சொல்ல. காலையிலேயே என் வேலை முடிந்தது. போகச் சொல்லவில்லை, பின் வாங்கில் இருந்துவிட்டேன்.

அந்த நீதிமன்றத்து முதலியார் வயதில் என்னை விட இளையவர். கொழும்பில் வளர்ந்தவர். நல்ல மனிதர், மத்தியானம் எனக்குச் சாப்பாட்டுக் கடையும் காட்டினார். அவர் மீது எனக்கு இன்றும் வன்மம் இல்லை. பூமணி பேசத் தொடங்கினாள். அதே வசனங்கள், அதே ஒழுங்கு. வெடி கேட்டிச்சி என்றாள். கிறுகிப் பாத்தன் என்றாள்.

முதலியார் ஒரு கணம் நின்றார். அந்த ஒரு கணத்தை நான் கண்டேன். அவருக்குத் தெரிந்த தமிழில் கிறுகிறுப்பு என்றால் தலைச்சுற்று. நீதிபதியைப் பார்த்துத் திருப்பிக் கேட்கலாமா என்று அவர் வாய் திறந்த மாதிரி இருந்தது. பிறகு மூடிக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்: "தலை சுற்றி மயக்கமாக வந்தது, அப்போது பார்த்தேன்."

எதிரியின் சட்டத்தரணி எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

குறுக்கு விசாரணையில் அவர் குரலை உயர்த்தவே இல்லை. இவ்வளவு இனிமையாக ஒரு மனிதர் கேள்வி கேட்டு நான் கண்டதில்லை. முதலியார் அதைத் தமிழில் பூமணிக்குச் சொன்னார்.

"அன்றைக்குக் காலையில் சாப்பிட்டீர்களா?"

"இல்ல ஐயா. தம்பிக்குக் குடுத்துப் போட்டு வந்துதான் தின்னுறது."

"வெயிலா?"

"நல்ல வெயில் ஐயா."

"அப்படியென்றால் தலை சுற்றியதில் ஆச்சரியம் இல்லை."

பூமணி முதலியாரைப் பார்த்தாள். "தல சுத்தினதா? ஆருக்கு? நான் கிறுகித்தானே ஐயா பாத்தன்."

முதலியார் மறுபடி சிங்களத்தில், "ஆம், மயக்கத்தில்தான் பார்த்தேன் என்கிறார்" என்றார்.

தம்பி தங்கச்சிமார், இந்த இடத்தில் என் புத்தி எனக்கு என்ன சொன்னது என்று சொல்கிறேன். ஒழுங்குப்படி செய் என்றது. ஒரு துண்டுத்தாளில், 'கிறுகுதல் என்றால் திரும்புதல், மயக்கம் இல்லை, சாட்சியிடம் கையால் செய்துகாட்டச் சொல்லுங்கள்' என்று எழுதிச் சேவகரிடம் கொடுத்து அரச தரப்புச் சட்டத்தரணிக்கு அனுப்பினேன். அவர்தானே பூமணிக்காக நிற்கிறவர். அவர் வாசித்தார். கிறுகி என்னையும் பார்த்தார். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். எழும்பவில்லை.

எதிரியின் சட்டத்தரணி அடுத்ததாக என்னுடைய மொழிபெயர்ப்பைக் கையில் எடுத்தார். "மட்டக்களப்பில் இந்தச் சாட்சி திரும்பிப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அது சரியான மொழிபெயர்ப்பு என்று காலையில் ஒரு அரச அலுவலரே வந்து சத்தியம் செய்தார். இன்றைக்கு மயங்கிப் பார்த்தேன் என்கிறார். யூரி கனவான்களே, இவற்றில் எது உண்மை?"

ஒரே பெண், ஒரே வாய், இரண்டு இடத்திலும் ஒரே சொல். அது முன்னுக்குப் பின் முரணாகிவிட்டது. நான் ஒழுங்காகச் செய்த வேலையையே எடுத்து அவளை அடித்தார்கள்.

எழும்பிவிட்டேன். நீங்கள் ஒருநாளும் அப்படிச் செய்யக்கூடாது, அழைக்காமல் மன்றில் பேசுவது அவமதிப்பு, பாடத்தில் நானே சொல்லித் தந்திருக்கிறேன். எழும்பிச் சிங்களத்தில், "கனம் நீதிபதி அவர்களே, அந்தச் சொல்லுக்கு மயக்கம் என்று அர்த்தம் இல்லை. அது எங்கள் மாவட்டத்துச் சொல். திரும்புதல் என்றுதான் அர்த்தம். சாட்சியிடம் தயவுசெய்து திருப்பிக் கேளுங்கள்" என்றேன்.

எதிரியின் சட்டத்தரணி புன்னகை செய்தார். "சாட்சியும் இந்த அலுவலரும் ஒரே ஊர், ஒரே இனம். கூண்டுக்கு வெளியிலிருந்து சொல்லிக் கொடுக்கிறார்" என்றார். நீதிபதி அரச தரப்புச் சட்டத்தரணியைப் பார்த்தார். அவர் தன் கோப்பைப் பார்த்தார். நீதிபதி முதலியாரிடம், "உங்கள் மொழிபெயர்ப்பில் மாற்றம் உண்டா?" என்று கேட்டார். அந்த மனிதருக்கு வேர்த்துவிட்டது. இல்லை என்றார். யூரிக்கு முன்னால், வேறு ஊரான் ஒருவன் எழும்பித் திருத்திய பிறகு, ஓம் என்று சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. என்னை வெளியே போகச் சொன்னார்கள். பூமணியிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கூண்டுக்குள் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே மரத்தடி வாங்கில் இருந்தேன். தம்பி கேட்ட கேள்வியை அன்றைக்கே நான் என்னிடம் கேட்டுக்கொண்டேன்.

அங்கே எந்தச் சட்டம் மீறப்பட்டது? ஒன்றுமில்லை. கூண்டு இருந்தது, உரைபெயர்ப்பாளர் இருந்தார், யூரி இருந்தது, அரச தரப்பும் இருந்தது. எல்லாம் இருந்தும் அறிய வேண்டும் என்ற ஆசை மட்டும் இல்லை. இது எங்கள் வீரர்கள் வென்ற சண்டை, எங்கள் வீரர் ஒருவர், இவளோ தயிர்க்காரி. திருப்பிக் கேட்டால் உண்மை வந்துவிடுமோ என்று பயப்படுகிற மன்று திருப்பிக் கேட்காது. அதனால்தான் சொல்கிறேன், சண்டையில் வென்ற அரசு தன் சிப்பாயைத் தானே விசாரிக்கிற இடத்தில், வெளியிலிருந்து நீதிபதி வேண்டும். வெளியிலிருந்து வழக்கு நடத்துகிறவர் வேண்டும். நம் நாடு அந்தச் சர்வதேச நீதிமன்ற ஏற்பாட்டில் சேரவில்லை என்பது எனக்கும் தெரியும். சேராமலிருப்பதே ஏன் என்று யோசியுங்கள்.

வகுப்பில் இன்னொரு தம்பி கெட்டித்தனமாகக் கேட்டார், கொழும்புத் தமிழருக்கே விளங்காத நம் ஊர்ச் சொல் வெள்ளைக்காரனுக்கு எப்படி சேர் விளங்கும் என்று. விளங்காது. ஒரு சொல்லும் விளங்காது. அதுதான் நல்லது. ஒன்றும் விளங்காதவர் கேட்டே ஆக வேண்டும். அரைகுறையாய் விளங்கியவர்தான் கேட்க வெட்கப்படுவார். குருக்கள்மடத்துப் பள்ளிக்கூடத்தில் நான் கண்டதும் அதுதான்.

காத்தான்குடித் தங்கச்சி கேட்டதையும் நான் மறக்கவில்லை. நான் எழும்பிப் போனபோது வாசல் வரை பின்னால் வந்து மெதுவாகக் கேட்டார். "சேர், அப்ப பள்ளிக்குள்ள தொழுதுக்கிட்டு இரிந்தவங்களச் சுட்டவங்களயும் அந்தக் கோட்டுல நிப்பாட்டுவாங்களா? இல்லாட்டி ஆமிய மட்டுமா?"

நிறுத்த வேண்டும், தங்கச்சி. பள்ளிவாசலில் சுட்ட புலிகளையும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளை ரோட்டில் பிடித்துக் கொண்டுபோய்த் துவக்குக் கொடுத்தவர்களையும். துவக்கு யாருடைய கையில் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். என் சனம் சுட்டால் ஒரு அர்த்தம், அந்தச் சனம் சுட்டால் வேறு அர்த்தம் என்று நான் எழும்பிச் சொன்னால், அந்த யூரி வாங்கில் எனக்கும் ஒரு இடம் ஒதுக்கிவிடலாம். அவர்களில் பலர் செத்துவிட்டார்கள், மிச்சம் சிலர் வெள்ளைச் சட்டை போட்டு அரசியல் செய்கிறார்கள். உள்ளூர் மன்று அவர்களையும் தொடவில்லை. பார்த்தீர்களா, இதில் மட்டும் இனபேதம் இல்லை.

ஆமிக்காரருக்கே இது அநியாயம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மண்வெட்டி மட்டும்தான் இருந்தது என்று பொலிசில் சொன்ன அந்த இளம் சிப்பாய் அடுத்த நாள் கூண்டில் ஏறினான். ஞாபகம் இல்லை என்றான். எல்லாக் கேள்விக்கும் ஞாபகம் இல்லை. சொல்லும்போது அவன் அழுகிற மாதிரி இருந்தது என்று பூமணி சொன்னாள். "பாவம் ஐயா அவன். எனக்குக் கோபம் வரல்ல" என்றாள். அவனுடைய மேலதிகாரிகள் முன்வரிசையில் இருந்தார்களாம். அவனைக் காப்பாற்ற யார் இருந்தார்கள்? வெளியே ஒரு மன்று இருந்திருந்தால் அவனும் வாய் திறந்திருப்பான். நேர்மையான சிப்பாய்க்குத்தான் அது முதலில் வேண்டும்.

தீர்ப்பு நாளன்று நான் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். முதல் முறை எழும்பிப் பேசியதற்கு மேலிடத்தில் கூப்பிட்டு ஏற்கெனவே கழுவி ஊற்றியிருந்தார்கள், அதனால் வாயைப் பொத்திக்கொண்டு பின் வாங்கில் இருந்தேன். யூரிமார் உள்ளே போனார்கள். தேநீர் குடித்து முடிக்கிற நேரம் கூட இல்லை, வந்துவிட்டார்கள். ஏகமனதாகக் குற்றவாளி இல்லை. அரச தரப்பு மேல்முறையீடு செய்யும் என்று பிறகும் கொஞ்சக் காலம் நம்பினேன். செய்யவில்லை.

வெளியே வந்தோம். முற்றத்தில் சார்ஜன்டைச் சுற்றிக் கூட்டாளிகள், கைகொடுப்பதும் தோளில் தட்டுவதுமாக இருந்தார்கள். பூமணி அழவில்லை. கேற்றுக்குப் பக்கத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் அந்தரப்பட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

"முதலியார் ஐயா, ஒண்டு கேக்கட்டா?"

"கேள் புள்ள."

"அந்த முதலியாருக்கு எங்கட சொல்லு விளங்கல்ல. ஜட்ஜ் ஐயாக்கு விளங்காது. அந்த வாங்கில இருந்த ஆக்களுக்கும் விளங்காது. அதெல்லாம் சரி. ஆனா இவருக்கு விளங்கியிருக்கும்தானே?"

"ஆருக்கு?"

"இவருக்குத்தான். எங்கட சந்திச் சென்றியில காவல் நிண்டவரு. ஆம்பிளையள வரிசையில விட்டு, கைய உசத்தச் சொல்லி, 'கிறுகு, கிறுகு' எண்டு சொல்லித்தானே தடவிப் பாக்கிறவரு. என்ட தம்பியையும் எத்தினை தரம் கிறுகச் சொல்லியிருக்காரு. அந்தச் சொல்லு அவருக்கு நல்லாத் தெரியும் ஐயா."

நான் கிறுகி முற்றத்தைப் பார்த்தேன், சார்ஜன்ட் இன்னும் கைகொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

வாழைச்சேனைத் தம்பி, எங்கள் நாட்டில் கோடு இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது. அந்த மண்டபத்தில் பூமணி சொன்னது விளங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவரை வெளியே போகச் சொன்னார்கள். மற்றவரை விடுதலை செய்தார்கள்.